மவுண்ட் ரோடு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கார் உதிரிபாகக் கடையில் 27 வருடம் கணக்கு எழுதினேன். மதியம் சாப்பிட்டதும் மவுண்ட் ரோட்டில் ஒரு நடை போய்வருவது பழக்கம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், கடையில் புதிதாகச் சேரும் பையன்கள், சரக்கு எடுக்க வரும் வெளியூர் வியாபாரிகள் எல்லாரும் இந்தச் சாலையைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் எழுதியிருக்கிறேன்.

மவுண்ட் ரோடுன்னு ஒருத்தர் சொல்றார், அண்ணா சாலைன்னு இன்னொருத்தர் சொல்றார். ரெண்டும் ஒண்ணுதானா?

ஒன்றுதான். முதலமைச்சராக இருந்த அண்ணா 1969 பிப்ரவரி 3-ம் தேதி மறைந்த பிறகு அவர் பெயரை இந்தச் சாலைக்கு வைத்தார்கள். கடிதத்திலும் பெயர்ப்பலகையிலும் அண்ணா சாலை, பேச்சில் இன்றும் மவுண்ட் ரோடு. அண்ணா நகர் வேறு, அது நகரத்தின் மேற்கே இருக்கிற குடியிருப்புப் பகுதி. முதல் தடவை வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள், கவனம்.

"மவுண்ட்"னா மலைதானே? மலையையே காணோமே?

இருக்கிறது, சாலையின் தெற்குக் கோடியில். பரங்கிமலையைத்தான் வெள்ளைக்காரர்கள் செயின்ட் தாமஸ் மவுண்ட் என்றார்கள். இயேசுவின் சீடர் தோமா அங்கே உயிர்நீத்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. போர்ச்சுகீசியர் அதன் உச்சியில் 1523-ல் கோயில் கட்டினார்கள். கடைகள் நெருங்கியிருக்கும் பகுதியில் நின்று தேடினால் தெரியாது. சின்னமலை, கிண்டி தாண்டிப் போக வேண்டும்.

எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?

வடக்கே கூவத்தை ஒட்டிய தீவுத்திடல் பக்கம் ஆரம்பித்து, தெற்கே கிண்டி கத்திப்பாராவில் முடிகிறது. சுமார் 15 கிலோமீட்டர். கத்திப்பாராவுக்கு அப்புறம் அதே பாதை ஜி.எஸ்.டி. ரோடு (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) என்ற பெயரில் தாம்பரம் பக்கம் போகிறது.

யாரும் "அண்ணா சாலையில் இறக்கிவிடுங்கள்" என்று சொல்வதில்லை. சிம்சன், அண்ணா சிலை, எல்.ஐ.சி., ஸ்பென்சர், ஆயிரம் விளக்கு, ஜெமினி, டி.எம்.எஸ்., தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, சின்னமலை, கிண்டி என்று நிறுத்தத்தின் பெயரைச் சொல்லித்தான் இறங்குவார்கள். இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிச் சென்னை பிடிபட்டுவிடும். கடைத்தெரு என்று நான் சொல்வது சிம்சனிலிருந்து ஜெமினி வரைக்கும்தான். அதற்குத் தெற்கே அலுவலகங்களும் ஆஸ்பத்திரிகளும் அதிகம்.

இந்த ரோட்டை முதல்ல யார் போட்டாங்க?

ஒரே ஆள் ஒரே நாளில் போட்டதாகச் சொல்ல முடியாது. கோட்டைக்கும் பரங்கிமலைக்கும் இடையில் போக்குவரத்து இருந்தது. பிற்பாடு மலையடிவாரத்தில் ராணுவ முகாமும் வந்தது. அந்தப் போக்குவரத்துதான் பாதையை உண்டாக்கியது. நடுவில் பெரிய தடை அடையாறு. சைதாப்பேட்டையில் அதன் குறுக்கே 1726-ல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். தன் சொந்தப் பணத்தில் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கட்டியவை. மாம்பலம் என்ற ஊர்ப்பெயர் வெள்ளைக்காரர் வாயில் திரிந்து "மார்மலாங் பாலம்" ஆனது. இன்று அங்கே இருக்கும் புதிய பாலத்துக்கு மறைமலை அடிகள் பெயர். உஸ்கானின் கல்வெட்டு மட்டும் பாலத்தருகில் மிச்சமிருக்கிறது. வண்டிகள் விரைகிற இடம் என்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். இந்தச் சாலைக்கு உயிர் கொடுத்த மனிதர் அவர்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சாலையின் மேற்குப் பக்கம், தேனாம்பேட்டை, நந்தனம் பகுதியில், நூறு வருடத்துக்கு முன்பு வரை நீண்ட ஏரி கிடந்தது. லாங் டேங்க் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1920களில் ஏரியைத் தூர்த்து அந்த நிலத்தில் உருவாக்கியதுதான் தியாகராய நகர். அதாவது அந்தப் பகுதியில் மவுண்ட் ரோடு ஒரு ஏரிக்கரைச் சாலையாக இருந்தது. வடக்குப் பகுதியிலோ, கோட்டைக்குள் இடம் போதாமல் வெளியே வந்த துரைமார்கள் ஏக்கர் கணக்கில் தோட்டம் வைத்து பங்களா கட்டினார்கள். பிற்பாடு கடைகள் வந்தபோது அந்தத் தோட்ட நிலங்களில்தான் வந்தன. சவுகார்பேட்டையில் பத்தடி அகலக் கடை, இங்கே முற்றமும் போர்ட்டிகோவும் வைத்த கடை என்ற வித்தியாசத்துக்கு இதுதான் காரணம்.

அண்ணா சிலை முனையை பெரியவங்க ரவுண்டானாங்கறாங்க. ரவுண்டானா எல்லா ஊர்லயும் இருக்கே?

வாலாஜா ரோடு வந்து சேரும் அந்த முனைக்குத்தான் அந்தக் காலத்தில் ரவுண்டானா என்று பெயர். அங்கே வட்டமாக ஒரு தாணா, அதாவது போலீஸ் சாவடி, இருந்ததால் "ரவுண்ட் தாணா" என்று வந்தது என்பார்கள். இன்று வட்டமாக வண்டி சுற்றிவரும் எந்த முனைக்கும் தமிழ்நாடு முழுக்க அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம்.

எல்.ஐ.சி. கட்டடத்துக்கு என்ன அவ்வளவு பேரு? அதைவிட உயரமா எவ்வளவோ இருக்கே மாமா?

இது என் அக்கா மகன் கேட்டது. 1959 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே அதுதான் உயரமான கட்டடம். 177 அடி. "பதினாலு மாடிக் கட்டடம்" என்று ஊர்ப்பக்கம் பெயர். மெட்ராஸ் போய்வந்தவரிடம் முதலில் கேட்பதே "பதினாலு மாடி பார்த்தியா?" என்றுதான். கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட சினிமாக்காரர்களுக்கு அந்த ஒரு காட்சி போதும்.

அதைத் தொடங்கியது எல்.ஐ.சி. இல்லை. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தன்னுடைய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கட்டத் தொடங்கினார். 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமாகி, பாதியில் நின்ற கட்டடம் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. 1975-ல் பெரிய தீ விபத்து நடந்தும் கட்டடம் தாங்கி நின்றது. உயரத்தை இப்போது எவ்வளவோ கட்டடங்கள் தாண்டிவிட்டன. ஆனாலும் அண்ணாந்து பார்க்கப் பட்டணத்துக்கு வந்த ஒரு தலைமுறையே நமக்கு உண்டு. என் அப்பாவும் அதில் ஒருவர்.

இங்க இருக்கிற பழைய கடையெல்லாம் வெள்ளைக்காரங்களுக்காக வெச்சதுதானா?

ஆரம்பத்தில் ஆமாம். மொத்த வியாபாரம் பாரிமுனைப் பக்கம் நடந்தது. துரைமாருக்கும், ஜமீன்தார்களுக்கும், வசதியான வக்கீல்களுக்கும் வேண்டிய சாமான்கள் மவுண்ட் ரோட்டில் கிடைத்தன. சிம்சன் 1840-ல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கியது. 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் அங்கே ஒரு நீராவிக் கார் செய்து ஓட்டினார். கார் சம்பந்தமான வியாபாரம் இந்தப் பக்கம் வேரூன்றியதில் அந்த வண்டிக் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். நான் வேலை பார்த்த கடையும் அந்த வேரில் கிளைத்ததுதான்.

ஹிக்கின்பாதம்ஸ் 1844-ல் ஆரம்பித்த புத்தகக் கடை. இப்போதுள்ள கட்டடம் 1904-ல் வந்தது. பி.ஓர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையின் கட்டடம் 1870களைச் சேர்ந்தது. பின்னாலிருந்த பகுதி மெட்ரோ வேலையில் போய்விட்டாலும் முகப்பும் கோபுரக் கடிகாரமும் இருக்கின்றன. வி.டி.ஐ. என்று சொல்லும் விக்டோரியா டெக்னிகல் இன்ஸ்டிட்யூட் கைவினைப் பொருள்களுக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் இந்த வரிசை மாறியது. புகாரி ஓட்டல் 1951-ல் வந்தது. சிக்கன் 65 தங்கள் சமையலறையில் 1965-ல் பிறந்தது என்று புகாரிக்காரர்கள் சொல்வார்கள். ஒரு பிரியாணிக்காக எல்லாத் தரப்பு ஆட்களும் மவுண்ட் ரோட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது எனக்கு முக்கியமான மாற்றமாகத் தெரிகிறது.

ஸ்பென்சர் பிளாசா பழைய கட்டடம்தானே?

பெயர் பழையது, கட்டடம் புதியது. ஸ்பென்சர் கடை 1860களில் தொடங்கியது. 1890களில் கோபுரமும் வளைவுகளுமாகச் சிவப்பு நிறத்தில் பெரிய கட்டடம் கட்டிக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் தீயில் அது அழிந்தது. அந்த இடத்தில் 1990களில் எழுந்ததுதான் இன்றைய பிளாசா. ஏ.சி. காற்றில் நடந்துகொண்டே கடை பார்ப்பது சென்னைக்காரர்களுக்கு அங்கேதான் பழக்கமானது. 2010-ல் பக்கத்திலேயே எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

மவுண்ட் ரோடுன்னாலே தியேட்டர்னு அப்பா சொல்வார். எல்லாம் எங்க போச்சு?

உங்கள் அப்பா சொன்னது சரி. சென்னையில் சினிமாவுக்கென்றே கட்டிய ஆரம்பகால அரங்குகளில் ஒன்றான எலக்ட்ரிக் தியேட்டர் 1913-ல் இந்தச் சாலையில்தான் வந்தது. அந்தச் சின்னக் கட்டடம் இன்னும் இருக்கிறது. அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய வளாகத்தில், தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான பிரிவு அதில்தான் இயங்கி வந்தது. அடுத்த வருடமே ரகுபதி வெங்கய்யா பக்கத்துத் தெருவில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார்.

அப்புறம் வரிசையாக வெலிங்டன், நியூ எல்பின்ஸ்டன், கேசினோ, பிளாசா, அலங்கார், ஆனந்த். சிவாஜி குடும்பத்தின் சாந்தி 1961-ல் வந்தது. 1964-ல் தொடங்கிய சஃபையர் வளாகத்தில் சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று திரைகள். புளூ டைமண்டில் காலையிலிருந்து இரவு வரை படம் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம், விட்ட பகுதியை அடுத்த ஓட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். வெயிலுக்கு ஏ.சி.யில் தூங்கவே போனவர்கள் உண்டு.

டிவி, வீடியோ, பிறகு மால் தியேட்டர் என்று வர வர, படம் காட்டுவதைவிட நிலத்தின் விலை பெரிதாகிவிட்டது. சஃபையர் 1990களில் போனது, சாந்தி 2016-ல் மூடியது. 1970-ல் வந்த தேவி வளாகம் நிற்கிறது. விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள் இருந்த மீரான் சாயபு தெருவைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். பெட்டி பெட்டியாகப் படச்சுருள்கள் அங்கிருந்துதான் ஊர்களுக்குப் போயின.

ஜெமினின்னு எறங்கினேன். ஜெமினி எங்க? குதிரை எதுக்கு?

எஸ்.எஸ். வாசன் 1940-ல் தொடங்கிய ஜெமினி ஸ்டுடியோ அந்த முனையில் இருந்தது. ஸ்டுடியோ போய் வருடங்கள் ஆகிவிட்டன, பெயர் ஒட்டிக்கொண்டது. 1973-ல் கட்டிய மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். சென்னையின் முதல் மேம்பாலம் அது. ஜனங்களுக்கு அது ஜெமினி பாலம்தான்.

திமிறும் குதிரையை ஒரு மனிதன் பிடித்து அடக்கும் சிலை, 1974-ல் குதிரைப் பந்தயத்தை அரசு தடை செய்ததன் நினைவாக வைத்தது. பந்தயத்தில் சம்பளத்தை விட்டுவிட்டு வீடு திரும்பிய குடும்பங்களை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தச் சிலை நன்றாகவே புரியும்.

மவுண்ட் ரோடு மகாவிஷ்ணுன்னா யாரு, எந்தக் கோயில்?

கோயில் இல்லை. தி இந்து பத்திரிகைக்கு வைத்த பட்டப்பெயர் அது. 1878-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 1883-ல் மவுண்ட் ரோட்டுக்குக் குடிவந்தது. தி மெயில் நாளிதழும் இதே சாலையில் இருந்தது, 1981-ல் நின்றுபோனது. இந்தியன் எக்ஸ்பிரஸ் இருந்த தோட்டம்தான் நான் முன்னே சொன்ன எக்ஸ்பிரஸ் அவென்யூ ஆகியிருக்கிறது. மாநிலத்தின் செய்தியெல்லாம் ஒரு காலத்தில் இரண்டு மூன்று நிறுத்தங்களுக்குள் அச்சானது.

கல்யாணத்துக்குப் புடவை, நகை எடுக்கணும். மவுண்ட் ரோடு வரலாமா?

வேண்டாம். தி.நகருக்குப் போங்கள். ஏரி நிலத்தில் ஊர் உருவானதும் பக்கத்திலேயே மாம்பலம் ரயில் நிலையம், சுற்றிலும் குடும்பங்கள், பனகல் பார்க் ஓரம் பட்டுக் கடைகள் என்று வியாபாரம் அங்கே கட்டிக்கொண்டது. பாத்திரம், மொத்தத் துணி என்றால் பாரிமுனை.

மவுண்ட் ரோட்டின் உண்மையான சந்தை அதன் பக்கவாட்டுத் தெருக்களில் இருக்கிறது. மின்னணுச் சாமான், கம்ப்யூட்டர், ரிப்பேர் என்றால் ரிச்சி தெரு. கார் உதிரிபாகம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். பழைய வண்டியைக் கழற்றி விற்கும் சாமான் வேண்டுமென்றால் கூவம் தாண்டி புதுப்பேட்டை. கேமரா, போட்டோ சம்பந்தப்பட்டது எல்லிஸ் ரோட்டில். சாலையில் ஷோரூம், சந்துக்குள் சரக்கு, இதுதான் இங்குள்ள ஏற்பாடு. வெளியூர் வியாபாரிகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மெயின் ரோட்டில் விலை கேட்டுக்கொள்ளுங்கள், சந்தில் வாங்குங்கள்.

ஏன் இத்தனை சிலை? உயிரோட இருக்கும்போதே சிலை வெச்சாங்களாமே, நிஜமா?

நிஜம். காமராஜர் சிலையை 1961-ல் நேரு திறந்தார், காமராஜர் அப்போது முதலமைச்சர். அண்ணா சிலை 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டுச் சமயத்தில் வந்தது, அவரும் அப்போது முதலமைச்சர். கலைஞருக்கு 1975-ல் திராவிடர் கழகம் வைத்த சிலை, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்த சமயம் நடந்த கலவரத்தில் உடைக்கப்பட்டது. 2022-ல் ஓமந்தூரார் தோட்ட வளாகத்தில் அவருக்குப் புதிய சிலை திறந்தார்கள்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இப்போது இல்லாத ஒரு சிலை. 1857 எழுச்சியை ஈவிரக்கமில்லாமல் அடக்கிய கர்னல் நீல் என்பவருக்கு ஸ்பென்சர் எதிரே சிலை வைத்திருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாகிரகம் நடந்தது. சுத்தியலோடு போய் அடி வாங்கி, சிறைக்குப் போனார்கள். பத்து வருடம் கழித்து, 1937-ல் ராஜாஜி அரசு அமைந்ததும் சிலை அகற்றப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. தீவுத்திடலில், மெட்ராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ மட்டும் 1839-லிருந்து குதிரை மேல் அப்படியே இருக்கிறார். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையால் விவசாயிகள் மனதில் அவருக்கு இருந்த நல்ல பெயர்தான் காரணம் என்று சொல்வேன்.

ஓமந்தூரார் தோட்டத்துல இருக்கிறது சட்டசபையா, ஆஸ்பத்திரியா?

சட்டசபைக்காகக் கட்டியது, ஆஸ்பத்திரியாக இயங்குகிறது. 2010 மார்ச்சில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் புதிய தலைமைச் செயலக வளாகமாகத் திறந்துவைத்தார். 2011-ல் ஆட்சி மாறியதும் சட்டசபை கோட்டைக்கே திரும்பியது. 2014-ல் அங்கே அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஏழை நோயாளிகளுக்கு அது நல்ல பயன் தருவதைப் பார்த்திருக்கிறேன்.

அதே வளாகத்தில் படிக்கட்டுகளோடு வெள்ளையாக உயர்ந்து நிற்பது ராஜாஜி மண்டபம். திப்பு சுல்தானைத் தோற்கடித்ததன் நினைவாக 1802-ல் கட்டிய விருந்து மண்டபம் அது. வரைந்தவர் கோல்டிங்ஹாம் என்ற வானியல் அறிஞர். வெற்றி விருந்துக்குக் கட்டிய படிகளில்தான் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் நால்வருக்கும் ஜனங்கள் கடைசி மரியாதை செய்தார்கள்.

உங்க கடைத் தெரு முனையில செங்கல் கோபுரத்தோட பாழடைஞ்சு நிக்குதே, அது என்ன? ஏன் இடிக்கவும் மாட்டேங்கறாங்க, கட்டவும் மாட்டேங்கறாங்க?

இந்தக் கேள்விக்கு நான் நடுநிலையாகப் பதில் சொல்ல முடியாது. 27 வருடம் தினமும் கடந்துபோன கட்டடம் அது. 1897-ல் டபிள்யூ.இ. ஸ்மித் என்பவரின் மருந்துக் கடைக்காகக் கட்டினார்கள். 1934-ல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது, அந்தப் பெயர் நிலைத்தது. இன்சூரன்ஸ் தேசியமயமானபோது எல்.ஐ.சி. கைக்கு வந்தது. பலவீனமாகிவிட்டது என்று சொல்லி 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியக் கட்டடங்களுக்காகப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போய்த் தடுத்தது. 2010-ல் காப்பாற்ற வேண்டிய கட்டடம் என்று தீர்ப்பு வந்தது.

இடிக்கக் கூடாது என்று கோர்ட் சொல்லலாம். பழுது பார்க்கப் பணமும் மனசும் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். வாடகை தராத பழைய கட்டடத்தில் செலவு செய்ய உரிமையாளருக்கு என்ன அவசரம்? இந்தச் சாலையில் ஒரு கிரவுண்டின் விலை தெரிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். ஆனால் ஹிக்கின்பாதம்ஸ் கட்டடம் நூறு வருடம் கடந்து நிற்பதற்கு உள்ளே வியாபாரம் நடப்பதே காரணம். அந்த முனையிலும் ஒரு நூலகமோ, அருங்காட்சியகமோ, காபிக் கடையோ வைத்து ஆள் நடமாட்டத்தை உண்டாக்கினால் பிழைக்கும். பூட்டி வைத்த கட்டடத்தை ஆலமரக் கன்றுகள் தின்றுவிடும்.

மெட்ரோ வந்து இந்த ரோட்டுக்கு நல்லதா, கெட்டதா?

வேலை நடந்த வருடங்களில் கெட்டது. வண்டிகளைத் திருப்பி விட்டார்கள், கடைகளுக்கு முன்னால் தகரத் தடுப்பு. சின்னக் கடைகள் பல எழுந்திருக்கவே இல்லை. 2017 ஏப்ரலில் ஜெமினி அருகே சாலை உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

2018 மே மாதம் சின்னமலையிலிருந்து டி.எம்.எஸ். வரையும், 2019 பிப்ரவரியில் அங்கிருந்து வண்ணாரப்பேட்டை வரையும் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. இப்போது விமான நிலையத்திலிருந்து எல்.ஐ.சி.க்கு வண்டி மாறாமல் வரலாம். சந்துக்குள் இருக்கும் கடைகளுக்கு வாடிக்கையாளர்கள் திரும்ப வந்ததை எங்கள் கணக்குப் புத்தகத்திலேயே பார்த்தேன். அடுத்ததாகத் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையில், சுரங்கத்துக்கு மேலேயே, சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலச் சாலை வேலை 2024-ல் ஆரம்பமானது. கார்களுக்கு நல்லது. நடக்கிறவர்களுக்கு நிழல் கிடைக்கும், வானம் போகும்.

ஒரு சாயங்காலம்தான் இருக்கு மாமா. எங்க ஆரம்பிச்சு எங்க நடக்கட்டும்?

நாலு மணிக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கு. முதலில் ராஜாஜி மண்டபத்தை வெளியிலிருந்து பார். அண்ணா சிலை முனையில் ஒரு நிமிஷம் நின்றுகொள், அதுதான் பழைய ரவுண்டானா. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனையில் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, ஹிக்கின்பாதம்ஸுக்குள் போ. கூரையின் உயரத்தையும் கீழே கறுப்பு வெள்ளைத் தரையையும் பார், ஒரு புத்தகமாவது வாங்கு. அங்கிருந்து எல்.ஐ.சி. வந்து, எதிர்ச் சாரியில் நின்று அண்ணாந்து மாடிகளை எண்ணு. உன் தாத்தா எண்ணி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டதாம், என்னிடம் சொல்லியிருக்கிறார்.